பசிபிக் தீவு நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசிபிக் தீவுகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் "அவை எப்போது மூழ்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் அங்குள்ள மனிதர்கள் யாரும் இல்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சுருக்கினால் உண்மை கெட்டுவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

எந்த நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

1971இல் தொடங்கிய பசிபிக் தீவுகள் மன்றத்தில் இன்று 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுபவைதான் நம் பேச்சுக்கு உரியவை: பப்புவா நியூ கினி, பிஜி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, சமோவா, டோங்கா, கிரிபாட்டி, துவாலு, நவுரு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா, பலாவ் முதலியவை. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது. பிஜியும் வனுவாட்டும் எரிமலையால் எழுந்தவை. மலை உண்டு, ஆறு உண்டு, ஏறி ஒதுங்க மேடும் உண்டு. துவாலு, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள் வேறு வகை. நடுவில் காயல், அதைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய நிலம். பாடநூல்கள் வட்டப் பவளத்திட்டு என்று சொல்வது இதைத்தான். அங்கே மேடு என்று காட்ட ஒன்றும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் வீடும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கின்றன.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரிபாட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் இரண்டு மடங்குகூட வராது. ஆனால் அந்த நாட்டுக்கு உரிமையுள்ள கடல் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அது இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரியது. தங்களைச் "சிறு தீவு நாடுகள்" என்று அழைப்பதை அங்குள்ள தலைவர்கள் பலர் விரும்புவதில்லை. "பெருங்கடல் நாடுகள்" என்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

தீவுகள் உண்மையிலேயே மூழ்குகின்றனவா?

சில காணாமல் போயிருக்கின்றன. சாலமன் தீவுகளில் 1947 முதல் எடுக்கப்பட்ட வான்படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. மரம் செடிகளோடு இருந்த ஐந்து சிறு தீவுகள் முற்றிலும் அழிந்துவிட்டதை அது காட்டியது. அவற்றில் மக்கள் குடியிருக்கவில்லை. ஆனால் குடியிருப்புள்ள நுவாடம்பு தீவு பாதிக்கும் மேல் கரைந்து, 11 வீடுகள் கடலுக்குள் போயின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். துவாலுவின் 101 தீவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, 1971க்கும் 2014க்கும் இடையில் அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இந்த ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். எண் சரி; அவர்கள் சொல்லும் முடிவு தவறு.

பவளத்திட்டு கருங்கல் பாறை போல் அசையாமல் கிடப்பதில்லை. இறந்த பவளம், சிப்பி, நுண்ணுயிர்களின் ஓடு ஆகியவற்றை அலை அள்ளிவந்து குவித்த மணல்மேடு அது. 1972இல் பெபே புயல் அடித்தபோது துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியின் கடலோரத்தில் பவளச் சரளையாலான கரை ஒன்று ஒரே இரவில் எழுந்தது. நீளம் 18 கிலோமீட்டருக்கும் மேல். அழித்த புயலே மண்ணையும் கொண்டுவந்து கொட்டியது. இப்படி ஒருபுறம் தேய்ந்து மறுபுறம் வளர்ந்து தீவு தன்னை அமைத்துக்கொள்கிறது. மணல் நகரலாம், அதன்மேல் கட்டிய வீடும் தோண்டிய கிணறும் நட்ட ஈரப்பலாவும் எப்படி நகரும்? பரப்பு கூடினாலும் உயரம் கூடுவது நிச்சயமில்லை. மணலைத் தருவதே உயிருள்ள பவளம்தான். கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தால் மணல் வரத்தும் நாளடைவில் குறைந்துவிடும்.

அப்படியானால் முதல் ஆபத்து எது?

தண்ணீர். நிலம் போவதற்கு வெகுகாலம் முன்பே குடிக்கும் நீர் போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பவளத்திட்டில் ஆறு, ஏரி, ஓடை எதுவும் கிடையாது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் கலந்துவிடாமல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் கண்ணாடி வில்லை போலத் தங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை; அங்கேயும் இதே இயல்புதான், அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும்.

கிரிபாட்டி மக்கள் இந்த வில்லையை நம்பித்தான் பபாய் பயிரிட்டார்கள். சேப்பங்கிழங்கின் உறவுப் பயிர் அது. ஆளை மறைக்கும் இலை, பெருத்த கிழங்கு. நிலத்தடி நன்னீர் கண்ணில் படும் வரை பவள மண்ணைக் கையால் தோண்டிப் பெரிய குழி வெட்டுவார்கள். குழிக்குள் செடியை நட்டு, தாழை ஓலையால் அடியில்லாத கூடை பின்னி அதைச் சுற்றி நிறுத்துவார்கள். கூடைக்குள் உதிர்ந்த இலைகளையும் கறுப்பு மண்ணையும் இட்டு இட்டு, ஆண்டுக்கணக்கில் வளர்ப்பார்கள். திருமணத்துக்கும் விருந்துக்கும் வைக்கும் கிழங்கு அது. குழிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக வருகின்றன. அலை ஒருமுறை கரையைத் தாண்டி உள்ளே வந்து அந்தக் குழியில் நின்றுவிட்டால் போதும், இலை மஞ்சளித்துக் கிழங்கு அழுகிவிடும். மழை அந்த உப்பைக் கழுவி இறக்க மாதங்கள் ஆகும். சில இடங்களில் ஆண்டுகளும் ஆகும். நிலம் அங்குலம்கூடக் குறைந்திருக்காது. வரைபடத்தில் தீவு அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் குடும்பம் இனி கடையில் விற்கும் அரிசியையும் மாவையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

ஃபுனாஃபுட்டியில் நிலத்தடி நீரைக் குடிக்க முடியாத நிலை வந்து பல காலம் ஆகிறது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் வாழ்கிறார்கள். 2011இல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்து, குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி என்று தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் விமானத்தில் நீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கின.

வெள்ளம் வரும் விதமும் நாம் அறிந்ததுபோல் இராது. ஆண்டின் தொடக்க மாதங்களில் கடல் மிக உயரும் ஓதத்தை அங்கே கிங் டைட் என்கிறார்கள். அந்த நாட்களில் ஃபுனாஃபுட்டியில் நீர் கரையைத் தாண்டி வரவேண்டியதில்லை. காலடியிலேயே, ஊரின் நடுவில், மண் துளைகளின் வழியாகக் குமிழியிட்டுப் பொங்குகிறது. அதற்கு எந்த இடத்தில் சுவர் கட்டித் தடுப்பது?

கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது?

செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1993 முதல் இன்று வரை உலகச் சராசரி உயர்வு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மேற்குப் பசிபிக்கில் வேகம் அதைவிட அதிகம். வணிகக் காற்று வெந்நீரை மேற்கே தள்ளிக் குவிப்பதும் அதற்கு ஒரு காரணம். துவாலு, கிரிபாட்டி, பிஜி ஆகியவை அடுத்த 30 ஆண்டுகளில் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்வைச் சந்திக்கும் என்று நாசா 2024இல் கணித்தது. ஒரு சாண் கூட இல்லையே என்று தோன்றும். இரண்டு மீட்டர் உயர நிலத்தில் அந்தச் சிறு உயர்வே, எப்போதோ வந்த வெள்ளத்தை ஆண்டுதோறும் வரும் வெள்ளமாக மாற்றிவிடுகிறது.

எல்லாக் கேட்டுக்கும் பருவநிலை மாற்றம்தான் காரணமா?

இல்லை. இப்படிச் சொல்வதால் பெரிய நாடுகளின் பொறுப்பு குறைந்துவிடாது. உள்ளூரில் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்ய வழி பிறக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுதளம் போட, அந்தச் சிறு தீவிலேயே பவளத்தை வெட்டியெடுத்தது. வெட்டிய பள்ளங்கள் எழுபது ஆண்டுகள் உவர்நீரும் குப்பையுமாகக் கிடந்தன; அவற்றின் ஓரத்திலேயே மக்கள் குடியிருந்தார்கள். 2015 வாக்கில்தான் நியூசிலாந்தின் உதவியில் அவை மூடப்பட்டன. அதே ஓடுதளம்தான் இன்று ஊரின் முற்றமும். மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள். விமானம் வரும் நேரத்தில் சைரன் ஒலித்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

கிரிபாட்டியில் 1980களில் பேட்டியோ, பைரிக்கி என்ற சிறு தீவுகளை இணைத்துக் கடலின் குறுக்கே சாலை போட்டார்கள். மக்களுக்கு மிகத் தேவையான சாலை. ஆனால் அது நீரோட்டத்தையும் மணல் நகர்வையும் மாற்றிவிட்டது; காயலுக்குள் இருந்த பைக்மன் என்ற திட்டு தேய்ந்து மறைந்தது. நாட்டின் பாதி மக்கள் தெற்குத் தாராவா என்னும் ஒடுங்கிய துண்டில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கழிவுநீர் கிணற்றிலும் காயலிலும் கலக்கிறது.

குப்பையும் பெரிய தலைவலி. கப்பலில் வந்து இறங்கும் டப்பாவும் புட்டியும் பழைய காரும் திரும்பிப் போவதில்லை. போட இடமும் கிடையாது. கிரிபாட்டியில் பானப் புட்டிக்கும் டப்பாவுக்கும் முன்கூட்டியே சில சென்ட் வாங்கிக்கொண்டு, திருப்பித் தருபவர்களுக்கு அதில் பெரும்பகுதியைக் கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறார்கள். "குப்பையைத் திருப்பிக் கொடு" என்னும் பொருளில் அதற்குக் காவோக்கி மாங்கே என்று பெயர்.

நவுருவில் என்ன நடந்தது?

நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை வகுப்பில் விளக்கவேண்டிய ஆசிரியர்களுக்கு நவுருவைவிட நல்ல பாடம் கிடைக்காது. 21 சதுர கிலோமீட்டர் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே பாஸ்பேட் தோண்டினார்கள். அந்த உரம் ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் வயல்களைச் செழிக்கச் செய்தது. 1968இல் விடுதலை பெற்ற நவுரு, சுரங்கத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்து, தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசைக்குச் சில காலம் வந்தது. பிறகு பாஸ்பேட்டும் வற்றியது. அதன் வருமானத்தைப் போட்டுவைத்த அறக்கட்டளை நிதியும் தவறான முதலீடுகளில் கரைந்தது. இன்று தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கூர்முனைப் பவளத் தூண்களாக, விதைக்கவோ வீடு கட்டவோ முடியாத வெற்றிடமாக நிற்கிறது.

நவுரு 1989இல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்து தர வேண்டும் என்பது வழக்கு. 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. கடலோர விளிம்பில் வாழும் மக்களைத் தீவின் உள்மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று இப்போது திட்டமிடுகிறார்கள். அதற்குப் பணம் திரட்ட 2025இல் குடியுரிமையையே 1,05,000 அமெரிக்க டாலருக்கு வழங்கத் தொடங்கியது அரசு. தோண்டிச் சீரழித்த அந்த உள்மேடுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே உயர்ந்த நிலம்.

மார்ஷல் தீவுகளின் அணுக்கழிவுக் கூடம் பற்றிக் கேள்விப்பட்டோம். அது என்ன?

1946 முதல் 1958 வரை அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த காசில் பிராவோ 15 மெகாடன் ஆற்றல் கொண்டது. அதன் சாம்பல் மக்கள் குடியிருந்த ரோங்கெலாப் தீவின்மேல் விழுந்தது. 1970களின் இறுதியில் எனெவெடாக்கில் மாசுபட்ட மண்ணையும் சிதைவுகளையும் திரட்டி, ருனிட் தீவில் ஒரு வெடிப்புப் பள்ளத்தில் கொட்டி, 46 சென்டிமீட்டர் தடிமனான கான்கிரீட் மூடியைப் போட்டார்கள். மேலே மூடி உண்டு, அடியில் தளம் கிடையாது. ஓதம் ஏறி இறங்கும்போது அடியில் நீர் புகுந்து வெளியேறுகிறது. மார்ஷல் தீவுகளோடு செய்துகொண்ட 1986 ஒப்பந்தத்தோடு இழப்பீட்டுக் கணக்கு எல்லாம் தீர்ந்தது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. அந்தத் தீர்வை ஏற்க என்னால் முடியவில்லை.

இந்த நாடுகளுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம், உதவித்தொகை ஆகியவை உண்டு. துவாலுவுக்கு ".டிவி" என்ற இணைய முகவரி உரிமையிலிருந்து வரும் பணமும் குறிப்பிடத்தக்கது. ஆனால் பெருமையோடு சொல்லக்கூடியது சூரை மீன் கதை.

நம்மூரில் மாசிக் கருவாடாக வருகிறதே, அதே சூரைதான் பசிபிக்கின் பெரும் செல்வம். உலகச் சந்தையில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் சூரையில் பெரும்பங்கு இந்தக் கடலிலிருந்து வருகிறது. தொலைதூர நாடுகளின் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போய், கரைக்காரர்களுக்குச் சில்லறையைக் கொடுத்துவந்தன. கிரிபாட்டி, துவாலு, நவுரு, பப்புவா நியூ கினி உள்ளிட்ட எட்டு நாடுகள், 1982இல் கையெழுத்தான நவுரு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தன. 2007 முதல் புதுமுறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: ஆண்டுக்கு இத்தனை மீன்பிடி நாட்கள் என்று முதலில் வரம்பு, அந்த நாட்களைக் கப்பல்களுக்கு விற்பனை. ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 8,000 டாலர் வரை உயர்ந்தது. 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 50 கோடி டாலரை நெருங்கியது. மீன் வளத்தையும் காத்தார்கள், விலையையும் தாங்களே வைத்தார்கள்.

இங்கேயும் கடல் சூடு குறுக்கிடுகிறது. நீர் சூடேறச் சூரைக் கூட்டங்கள் கிழக்கே நகரும் என்றும், நாளடைவில் பொதுக் கடலுக்குள் போகும் என்றும் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். எல்லைக்கு வெளியே போன மீனுக்கு யாரிடம் நாள் வாடகை கேட்பது?

ஆழ்கடல் சுரங்கத்தை இவர்கள் ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, கடல் தரையில் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. நிக்கல், கோபால்ட், மாங்கனீசு நிறைந்தவை. 2021 ஜூனில் நவுரு, இரண்டு ஆண்டுகளுக்குள் சுரங்க விதிகளை முடிக்குமாறு சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துக்குக் கெடு வைத்தது. குக் தீவுகள் தன் சொந்தக் கடலில் தேடுதலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. பலாவும் பிஜியும் சமோவாவும் நிறுத்திவைக்கச் சொல்லி 2022இல் கூட்டணி அமைத்தன. இந்தியாவும் இந்தப் போட்டியில் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலுக்கு ஆளை அனுப்பும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கிவருகிறது.

ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அள்ளியபின் அந்த இடம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பழைய நிலைக்கு வராது. நிறுத்திவைப்பதே சரி என்பது என் எண்ணம். ஆனால் தோண்டப்பட்ட நிலத்தில் நிற்கும் நவுரு வேறு வருமானம் தேடுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மக்கள் தீவுகளை விட்டுப் போகத் தொடங்கிவிட்டார்களா?

உள்நாட்டிலேயே இடம்மாறுவதுதான் அதிகம். பிஜியின் வனுவா லேவு தீவில் உள்ள வுனிதொகொலோவா என்ற கிராமம் 2014இல் மொத்தமாக உள்நிலத்துக்குப் பெயர்ந்தது. அந்நாட்டில் அரசு துணையோடு கடல் காரணமாக இடம்மாறிய முதல் கிராமம் அதுதான். தூரம் இரண்டு கிலோமீட்டர். கேட்கச் சிறிதாகத் தோன்றும். பிஜி மொழியில் வனுவா என்றால் நிலம் மட்டும் என்று பொருளில்லை. அதில் வாழும் இனம், முன்னோர், வழக்கம், மீன்பிடிக்கும் நீர் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். முன்னோரைப் புதைத்த மண்ணைக் கடலுக்கு விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு வீடு மாறுவதோடு முடிகிற காரியமில்லை.

பிஜியில் தமிழர்களும் உண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1926இல் தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்துப் பள்ளிகளை நடத்திவருபவர்கள். நாடி நகரின் சிவசுப்பிரமணியர் கோயில் அவர்களுடையது. அங்கே நிலத்தின் பெரும்பகுதி பழங்குடிக் குலங்களின் பொதுச்சொத்து என்பதால், கரும்பு விவசாயிகள் பலர் குத்தகை நிலத்தில்தான் வாழ்கிறார்கள். 44 உயிர்களைக் கொண்டுபோன 2016 வின்ஸ்டன் புயலில் கரும்பும் வீடும் சேர்ந்தே விழுந்தன. குலத்துக்கு நிலம் உள்ள கிராமம் மேட்டில் ஓர் இடம் பார்க்கலாம். குத்தகைக்காரர் எங்கே பார்ப்பார் என்ற கேள்வியை அதிகம் பேர் எழுப்புவதில்லை. அதனால்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

நாடு விட்டு நாடு போவதற்கும் வழி திறந்திருக்கிறது. துவாலுவும் ஆஸ்திரேலியாவும் 2023 நவம்பரில் ஃபலேபிலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஃபலேபிலி என்றால் அண்டைவீட்டாரைத் தன் வீட்டாராய்ப் பார்க்கும் பண்பு. ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் பதிவுசெய்தார்கள். நாட்டின் மொத்த மக்கள் ஏறத்தாழ 11,000. எல்லோரும் ஓடிவிடத் துடிக்கிறார்கள் என்று இதைப் படிப்பது தவறு. விசா கையில் இருந்தால் போகலாம், படிக்கலாம், சம்பாதிக்கலாம், திரும்பியும் வரலாம். அதே ஒப்பந்தத்தில், வேறு நாட்டோடு துவாலு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அண்டைவீட்டுப் பண்பில் அது சேருமா என்று துவாலுவிலேயே கேட்டார்கள்.

அவர்கள் தாங்களாக என்ன செய்கிறார்கள்?

உலக உமிழ்வில் அவர்கள் பங்கு ஒரு சதவீதத்தின் சிறு துளி. இருந்தும் டோக்கெலாவின் மூன்று தீவுகளும் 2012இலேயே டீசலை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறின. வனுவாட்டு 2018இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் உறிஞ்சுகுழல்களுக்கும் தடை போட்டது. பலாவ் தன் கடலில் 80 சதவீதத்தை 2020 முதல் மீன்பிடிக்கு மூடியது. வளம் குறைந்தால் பாறைப் பகுதியைச் சில காலம் மூடிவைக்கும் புல் என்ற பழைய வழக்கத்தின் நீட்சி அது. துவாலு பசுமைப் பருவநிலை நிதியத்தின் உதவியோடு ஃபுனாஃபுட்டியில் காயலின் மணலை எடுத்து 7 ஹெக்டேர் புது நிலத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் போனார்களாமே?

2019இல் வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் வகுப்புப் பயிற்சியாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: பருவநிலைக் கேட்டுக்கு நாடுகளைச் சட்டப்படி பொறுப்பாக்க முடியுமா? சர்வதேச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்கலாம் என்று முடிவுசெய்து தீவு அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அதைக் கையிலெடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 2015இல், பாம் புயல் அந்த நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 64 சதவீதத்துக்கு ஈடான இழப்பை ஏற்படுத்தியிருந்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகத் தீர்மானத்தை ஏற்றது.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமித்த கருத்தை அளித்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறு. அதனால் விளையும் சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு வரக்கூடும். ஆலோசனைக் கருத்து என்பதால் யாரையும் நேரடியாகக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் இனிவரும் வழக்குகளில் இதை ஒதுக்கிவிட்டு வாதாட முடியாது.

நிலமே போய்விட்டால் நாடு என்பது இருக்குமா?

அதே கருத்தில் நீதிமன்றம் இதையும் தொட்டது. ஒரு நாடு ஒருமுறை உருவான பிறகு, அதன் கூறுகளில் ஒன்று மறைவதாலேயே நாடு என்ற தகுதி போய்விடும் என்று கொள்ளவேண்டியதில்லை. கரை பின்வாங்கினாலும் கடல் எல்லைக்கான அடிக்கோட்டைத் திருத்தி வரைய வேண்டிய கட்டாயமும் இல்லை. சூரை மீன் வருமானம் அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது என்பதை நினைத்தால் இதன் எடை புரியும். துவாலு 2023இலேயே தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் தன் நாட்டுத்தன்மை என்றென்றும் தொடரும் என்று எழுதிக்கொண்டது.

பணம் யார் தருகிறார்கள்?

போதிய அளவு யாரும் தரவில்லை. இழப்புக்கு ஈடுகட்ட ஓர் ஏற்பாடு வேண்டும் என்று வனுவாட்டு 1991இலேயே கேட்டது. இழப்பு மற்றும் சேத நிதிக்கு உலகம் ஒப்புக்கொண்டது 2022இல். இடையில் 31 ஆண்டுகள்.

இந்த நாடுகளின் பெயர்களை எப்படிச் சொல்வது? அவற்றுக்குப் பொருள் உண்டா?

கிரிபாட்டி என்று எழுதினாலும் கிரிபாஸ் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மொழியில் 13 எழுத்துகளே உண்டு. ஸகரம் கிடையாது, "ti" என்று எழுதுவதை ஸகரமாக ஒலிப்பார்கள். கில்பர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயரே அவர்கள் நாவில் கிரிபாஸ் ஆயிற்று. கிரிதிமாதி என்று வரைபடத்தில் கண்டால் அது கிறிஸ்துமஸ் தீவு.

துவாலு என்றால் "சேர்ந்து நிற்கும் எட்டு". தீவுகள் ஒன்பது, நியுலாகிதாவில் அந்தக் காலத்தில் குடியிருப்பு இல்லாததால் எட்டு என்றார்கள். வனுவாட்டுவின் பெயரில் வனுவா, முன்பு பார்த்தது போல, நிலம். அதன் ஈற்றில் வரும் "டு"வும் துவாலுவின் தொடக்கத்தில் வரும் "து"வும் ஒரே சொல்தான். நிற்பது என்று பொருள்.